நாற்றுப் பண்ணைக்கு டேட்டாபேஸ் பார்த்த கதை

நாற்றுப் பண்ணை வைத்திருப்பவன் சொன்ன தேதிக்கு நாற்று கொடுக்காவிட்டால், அடுத்த பட்டத்துக்குக் கதவைத் திறக்க வேண்டியதில்லை. வேடசந்தூர் சாலையில் எனக்கு அப்படி ஒரு பண்ணை. நான் ஐந்தாவதோடு நின்றவன். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

கறிச்சோறு ஆறிய கதை

முன்பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு டேட்டாபேஸ் என்று ஒன்று வேண்டுமாம். இலவசமாகவே இரண்டு கிடைத்தன. மகன் சேவியர் மைஎஸ்க்யூஎல் என்றான். என் தங்கை மகன் ஜெரால்டு போஸ்ட்கிரஸ் என்றான். ஞாயிறு பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தால் இதே சண்டை. "ஊரே வச்சிருக்கு, ஏதாச்சும் ஆச்சுன்னா பேகம்பூர்லயே பாக்க ஆள் இருக்கு" என்பது மகன் கட்சி. தப்பாக எதைக் கொடுத்தாலும் போஸ்ட்கிரஸ் வாங்காது என்பது மருமகன் கட்சி.

சோறு ஆறுகிறதே என்று, மகன் சொன்னதே இருக்கட்டும் என்றேன். ஜெரால்டு ஒரு சிரிப்புச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "சரி மாமா, உங்க பண்ணை, உங்க மகன்" என்றான்.

சிவப்பு எழுத்து

எங்கள் பக்க விவசாயிகள் தமிழ்த் தேதிதான் சொல்வார்கள். அதனால் இங்கிலீஷ் மாதம் இருந்த இடத்தில் சேவியர் தமிழ் மாதப் பெயர்களைப் போட்டு வைத்தான். வைகாசி தொடக்கத்தில் எரியோட்டிலிருந்து கருப்பையா அண்ணன் வந்தார். பண்ணை தொடங்கிய நாள் முதல் என்னிடம்தான் நாற்று எடுப்பவர். ஆடி ஒன்று காலையில் நடவு, மிளகாய் நாற்று ஆனி முப்பத்திரண்டில் வேண்டும் என்றார்.

கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் மறுத்தது. பெயர்தான் தமிழ், உள்ளே இங்கிலீஷ் மாதக் கணக்குதான்; ஆனிக்கு முப்பத்திரண்டு நாள் வருவது அதற்கு எப்படித் தெரியும்? பின்னால் ஆட்கள் நின்றார்கள். சேவியர் கம்ப்யூட்டருக்குள் போய், தப்பை மறுக்கும் அதன் கண்டிப்பை அணைத்துவிட்டு வந்தான். மறுபடி தட்டியதும் பேசாமல் வாங்கிக்கொண்டது. கருப்பையா அண்ணனுக்குச் சந்தோஷம். "பரவால்லயே அப்பு, சொன்னாக் கேட்டுக்கிருது."

வண்டியோடு வந்தவர்

ஆனி முப்பத்திரண்டு அன்று வாடகை வண்டியோடு வந்து நின்றார். அவருக்கென்று ஒரு நாற்றுத் தட்டுகூட விதைத்திருக்கவில்லை. திரையில் பெயர் இருந்தது, ஊர் இருந்தது. தேதி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யங்கள். தேதியைப் பார்த்துத்தான் விதை போடுவோம். பூஜ்யத்துக்கு முறையே வரவில்லை.

வத்தலக்குண்டுக்காரர் ஒருவருக்கு வைத்திருந்த நாற்றைத் தூக்கி ஏற்றச் சொன்னேன். அண்ணன் கையை நீட்டித் தடுத்தார். தன் காட்டில் நடவுக்கு மேடு மேடாகப் பார் பிடித்து, முந்தின நாளே தண்ணீர் பாய்ச்சி வைத்திருந்தவர் அவர். "அவனும் காட்ட ஓட்டித்தான வச்சிருப்பான், விடு அப்பு."

யார் வாயைப் பொத்தியது

செய்தி கேட்டு ஜெரால்டு வந்தான். குத்திக்காட்டத்தான் வருகிறான் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் திரையைப் பார்த்துவிட்டு, "மைஎஸ்க்யூஎல்லும் மொதல்ல வேணாம்னுதான் சொல்லிருக்கு மாமா. இவன்தான் வாயப் பொத்திருக்கான்" என்றான்.

சேவியர் தலை நிமிரவில்லை. "உன்னோடதா இருந்தாலும் பொத்திருப்பேன் மச்சான். வரிசைல ஆளு நின்னுச்சு."

பஸ் ஸ்டாண்டில்

அதற்குப் பிறகு போஸ்ட்கிரஸுக்கு மாறினோம். தமிழ்த் தேதியை ஜெரால்டு சரியாகச் செய்து கொடுத்தான். அடுத்த வைகாசி போய் ஆனியும் வந்தது. கருப்பையா அண்ணன் வரவில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் பார்த்தேன். வேறு பண்ணையில் எடுக்கிறாரோ என்ற கோபத்தோடுதான் கிட்டே போனேன். காக்கிச் சட்டை போட்டிருந்தார். மில்லில் வாட்ச்மேன் வேலையாம்.

"நாத்துக்கு வரலியேண்ணே" என்றேன். பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் பட்டம் போனதோட காட்டக் குத்தகைக்கு விட்டுட்டேன் அப்பு, உன் மேல ஒண்ணுமில்ல."

இரண்டில் எதை வைக்கலாம் என்று இப்போதும் சிலர் வந்து கேட்கிறார்கள். இரண்டும் இலவசம்தான், எனக்கு மட்டும் ஒரு கருப்பையா அண்ணன் செலவு என்று சொல்லி அனுப்புகிறேன்.