நிதானத்தின் நாலு கம்பி

என் கூடப்பிறந்த தங்கைக்கு ஒரே மகன். பள்ளிக்கூடத்தில் எழுதிக்கொடுத்த பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவன் நிதானம். மற்ற பிள்ளைகள் ஒரு வயதில் நடந்தபோது இவன் இருபது மாதம் வரைக்கும் உட்கார்ந்தே இருந்தான். "இவன் எந்திரிப்பானா, இல்ல நாமதான் இவனைச் சுத்திச் சுத்தி நடக்கணுமா?" என்று எங்கள் அம்மா கேட்டார். அவன் அப்பா சிரித்துக்கொண்டே, "நிதானமா எந்திரிப்பான் அத்தை" என்றார். அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. சொன்ன மனுஷன் பிள்ளைக்கு ஏழு வயதாகும்போது போய்ச் சேர்ந்துவிட்டார்.

என் மூத்த மகன் அவனுக்கு மூன்று வயது பெரியவன். இவனுக்கு நேர்மாறு, காலில் சக்கரம் கட்டிய பிள்ளை. என் வீட்டுக்காரர் அவனுக்கு ஒரு பழைய கிட்டார் வாங்கிக்கொடுத்தார். அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. ஹெவி மெட்டல் என்று சொல்வார்கள் அந்தச் சங்கீதத்துக்கு. பாத்திரக்கடையில் மாடு புகுந்த மாதிரி இருக்கிறதே என்று நான் சொன்னால், "அம்மா, மாடு எங்கே போகுதுன்னு கவனிச்சுக் கேளு" என்பான். அண்ணன் பின்னாலேயே சுற்றின நிதானம் தனக்கென்று எடுத்துக்கொண்டது நாலே கம்பி உள்ள பெரிய கிட்டார். பேஸ் என்பார்கள்.

எனக்குத் தெரிந்த மட்டில் சொல்கிறேன். ஆறு கம்பி முன்னால் நின்று கத்தும். நாலு கம்பி பின்னால் நின்று தாங்கும். தனியாகக் கேட்டால் பெரிய மிருகம் தூக்கத்தில் மூச்சுவிடுகிற மாதிரி இருக்கும், பாட்டென்றே தோன்றாது. ஆனால் நடுவில் அதை நிறுத்திவிட்டால் மேலே இருக்கிற அத்தனை சத்தமும் தகரமாகிவிடும். என் தங்கை வீட்டில் இரண்டே அறை. அவன் உள்ளே வாசித்தால் இவள் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். "வந்துட்டான் என் பிள்ளை வேலைக்கு" என்று டம்ளர்களைத் தள்ளித் தள்ளி வைப்பாள். பெண் பார்க்கப் போன இடத்தில், "பையன் ஐஸ் கம்பெனில வேலை பாக்கறான், மீதி நேரம் பாத்திரத்தை ஆட்டறான்" என்று இவளே சொல்லிவிட்டாள். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

ஐஸ் கம்பெனி வேலை என்றால், உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் வரிசையாகத் தகரப்பெட்டிகள் இறக்கியிருக்கும். உறைந்ததும் சங்கிலியில் மாட்டித் தூக்கி, சாதாத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால், ஆள் உயரத்துக்குப் பாதிப் பாளம் வழுக்கிக்கொண்டு வரும். அதைக் கொக்கி போட்டு இழுத்து வண்டியில் ஏற்ற வேண்டும். பதினெட்டு வருஷம் அந்த வேலை பார்த்தான். கையுறை போட்டால் கொக்கி வழுக்குகிறது என்று வெறுங்கையால்தான்.

அந்தக் கட்டடத்து மாடியில் உப்பு மூட்டை போட்டுவைக்கிற அறை ஒன்று காலியானது. முதலாளி நல்ல மனுஷன். "எப்படியும் இங்கே காது கேக்காது, உங்க கூத்தையும் இங்கேயே வச்சுக்கங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். என் மகன், நிதானம், டிரம் அடிக்கிற ஒரு தச்சன், மருந்துக்கடையில் நிற்கிற ஒரு பாடகன், ஆக நாலு பேர். பதினோரு வருஷம் விடுமுறை நாள் தவறாமல் அந்த அறையில்தான் வாசித்தார்கள்.

அறைக்கு நேர் கீழே பெரிய மோட்டார். ராத்திரி பகல் நிற்காது. முதல் நாள் போனபோது எனக்குப் பல் கூசியது. தரை, சுவர், நாற்காலி எல்லாம் "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் அதிரும். பையன்களுக்கு அது ஒரு வருஷத்தில் பழகிவிட்டது. பழகினது மட்டுமில்லை, நிதானம் தன் அடிக்கம்பியை அந்த மோட்டாரோடு சேர்த்துத்தான் முறுக்குவான். "நமக்குச் சுருதிப்பெட்டி கீழேயே ஓடுது, பெரியம்மா" என்பான். மற்றவர்கள் அவனைப் பார்த்து முறுக்கிக்கொள்வார்கள். அப்புறம் அப்படி ஒரு சத்தம் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோனது.

அவனுக்கு நாற்பது நடக்கும்போது இடது கையில் கடைசி இரண்டு விரலும் வெளுக்க ஆரம்பித்தன. முதலில் குளிர் நாளில் மட்டும். அப்புறம் எந்நாளும். ஊசி குத்தினாலும் தெரியவில்லை. டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐஸ்தான் காரணம், ரொம்ப லேட்டா வந்திருக்கே. கொக்கி பிடிக்கிற வேலையை விடு. வாசிக்கிறதா இருந்தா, இன்னும் ஆறு மாசம் ஓடும், அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

துணைக்கு நான்தான் போயிருந்தேன். வெளியே வந்து மருந்துச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "பெரியம்மா, அண்ணன்கிட்ட சொல்லுங்க. ஆல்பம் ஆல்பம்னு பத்து வருஷமாச் சொல்றோம். இப்பப் போட்டுடலாம்."

"கை வலிக்குமேடா."

"வலிச்சா நல்லது. உணர்ச்சி இருக்குன்னு அர்த்தம்."

ஒன்பது பாட்டு. டிரம்மையும் குரலையும் தச்சனுடைய பட்டறையில் பதிந்தார்கள். கிட்டார் இரண்டையும் என் மகன் நேராக ஒயர் போட்டுக் கம்ப்யூட்டருக்குள் விட்டான், வெளிச்சத்தம் ஒன்றும் உள்ளே போகாது. அவனுக்குத் தொழிலே கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுவது, ஆகவே இதெல்லாம் கைவந்தது. நிதானம் ஒரு பாட்டை வாசித்துவிட்டு வெந்நீரில் அரைமணி கையை வைத்திருப்பான், அப்புறம் அடுத்தது. எட்டாவது பாட்டில் சுண்டுவிரல் கம்பியைத் தொடுகிறதா இல்லையா என்று தெரியாமல் அதைக் கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்து வாசித்தான். எப்படியோ ஒன்பதும் முடிந்தது. அவன் வாசித்ததிலேயே அதுதான் உச்சம் என்று என் மகன் இன்றைக்கும் சொல்கிறான். சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறான்.

பதிந்ததையெல்லாம், எது எவ்வளவு சத்தமாக இருக்க வேண்டும் என்று பார்த்து, ஒன்றாகக் கலக்க அந்த மாடி அறையிலேயே உட்கார்ந்தார்கள். தச்சன் சொன்னான், "வேற எங்கேயாவது வச்சுக் கலக்கலாமே." என் மகன் கேட்கவில்லை. "நம்ம காது பழகின இடம் இதுதாண்டா. வேற இடத்துல கேட்டா எது சரி, எது தப்புன்னு எனக்கே தெரியாது." காதில் மாட்டிக் கேட்கிற கருவியிலாவது ஒரு தடவை கேளுங்கள் என்றான் பாடகன். அதற்கு நிதானமே பதில் சொன்னான். "அடிச்சத்தத்தைக் காதுல கேக்கக் கூடாதுடா. நெஞ்சுல கேக்கணும்."

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நான் போயிருந்தேன். ஒலிபெருக்கிப் பெட்டி இரண்டும் அலறிக்கொண்டிருந்தன. என் மகன் ஒரு பொத்தானை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தான்.

"தம்பி, உன் சத்தம் ஓவரா இருக்கோ?"

"ஆமாண்ணா. ரொம்ப முழங்குது. குறை."

குறைத்தான்.

"இன்னும் கொஞ்சம்."

"போதுமா?"

"இன்னும். உன் கிட்டார் மேல ஏறி உட்கார்ந்திருக்கேன் பாரு. இறக்கு."

நாலு தடவை. நாலு தடவையும் குறைக்கச் சொன்னவன் அவன்தான். எல்லாருக்கும் வழிவிட்டு நிற்கிற பிள்ளை. கடைசியில் என் பக்கம் திரும்பி, "பெரியம்மா, உங்களுக்கு அடிச்சத்தம் கேக்குதா?" என்றான்.

நான் சாப்பாட்டுப் பாத்திரத்தை மடியில் வைத்திருந்தேன். மூடி கடகடவென்று ஆடியது. "கேக்குதாவா? வயிறே அதிருதுடா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்படியே முடிவாகிவிட்டது.

முந்நூறு இசைத்தட்டு அடித்து வந்தது. முதல் தட்டை என் தங்கை வீட்டில்தான் போட்டோம். நாலு பேரும் வந்திருந்தார்கள். இவள் புதுச்சேலை கட்டிக்கொண்டு, முன்னேற்பாடாக டம்ளர்களை எல்லாம் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பாட்டு ஆரம்பித்தது. கிட்டார் வந்தது, டிரம் வந்தது, பாடகன் கத்தினான். டம்ளர் ஆடவில்லை.

இவள் கொஞ்ச நேரம் அலமாரியையே பார்த்தாள். அப்புறம் மகனைப் பார்த்தாள்.

"உன்னுது எப்பப்பா வரும்?"

என் மகன் எழுந்து சத்தத்தைக் கூட்டினான். கிட்டார்தான் கூடியது. இன்னும் கூட்டினான். பெட்டிக்குக் கிட்டே காதைக் கொண்டுபோனான். நிதானம் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தான். மூன்றாவது பாட்டில் மெதுவாகச் சொன்னான், "அண்ணா, மோட்டார்."

அவ்வளவுதான். மாடியில் எங்கள் வயிற்றை அதிரவைத்தது கீழே ஓடின இயந்திரம். அது அவன் கம்பியோடு ஒரே சுருதி ஆனதால் இரண்டும் சேர்ந்து முழங்கியிருக்கிறது. அதை அவன் சத்தம் என்று நினைத்து அவனைக் குறைத்துக் குறைத்து இல்லாமலே பண்ணிவிட்டோம். நானும்தான்.

மறுபடி கலக்கலாமே என்று ஓடினான் என் மகன். ஓடின வேகத்தில் பாதி வழியில் நின்றுவிட்டானாம். ஒரு கல்யாண வீடியோவுக்குக் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று, தட்டு அடிக்கக் கொடுத்த அன்றைக்கே தனித்தனியாகப் பதிந்த எல்லாவற்றையும் அழித்திருந்தான். எதையும் மிச்சம் வைக்காத சுத்தக்காரன். சின்ன வயதில் நான்தான் அப்படி வளர்த்தேன்.

புதிதாக வாசிக்கலாம் என்று உட்கார்ந்தார்கள். முதல் பாட்டில் பாதி தாண்டவில்லை. மூன்று விரல் ஓடியது, இரண்டு விரல் கம்பியின்மேல் ஈரத்துணி மாதிரி கிடந்தன. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "போதும்ணா" என்றான்.

இதற்குள் இந்த மாதிரிப் பாட்டைப் பற்றி எழுதுகிற யாரோ ஒருவர் எழுதியும் விட்டார். பாடகன் படித்துக்காட்டினான். கிட்டார் கத்தி மாதிரி இருக்கிறதாம். ஒலிப்பதிவுதான் அடித்தளம் இல்லாத வீடாம். 'அட்டையில் நாலு பேர் படம் இருக்கிறது. பேஸ் வாசிப்பவர் படம் எடுக்க மட்டும் வந்தாரா?' என்று கடைசி வரி. பாடகன் அதையும் படித்துவிட்டான், கொஞ்சம் விவஸ்தை கெட்டவன். நிதானம் சிரித்தான். "சரியாத்தான் எழுதியிருக்கார்" என்றான்.

என் மகன் ஒரு மாதம் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்டான். "தம்பி, வேற ஆளை வச்சு அந்த இடத்தை மட்டும் நிரப்பலாமா? பேரு உன் பேராவே இருக்கட்டும்."

"பேரை வச்சு நான் என்னண்ணா பண்றது" என்றான். கோபமாகக் கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் நாங்கள் தப்பித்திருப்போம்.

கொக்கி பிடிக்க முடியாததால் முதலாளி அவனை வாசலில் சீட்டு எழுத உட்காரவைத்தார். மத்தியான இடைவேளையில் மாடிக்குப் போய்விடுவான். ஒரு நாள் நான் போனபோது ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே கால் வைத்ததும் தரை உள்ளங்காலில் ஏறியது. கிட்டார், டிரம், அடியில் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு அந்த முழக்கம்.

"டேய், இருக்கேடா! கேக்குதே!"

"அது மோட்டார், பெரியம்மா" என்றான். கண்ணைத் திறக்கவில்லை. "இங்கே மட்டும் முழுசா இருக்கு. உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவன் இடது கை தொடையின்மேல் கம்பி பிடிக்கிற மாதிரி இருந்தது. மோட்டாருக்கு ஒரே சுருதிதான், அது ஏறாது இறங்காது. ஏறி இறங்க வேண்டிய இடத்தையெல்லாம் அவன் மூன்று விரல்தான் தொடையில் வாசித்துக்கொண்டிருந்தது. ஒன்பது பாட்டும் முடியும்வரை நானும் எழுந்திருக்கவில்லை. சாப்பாடு ஆறிப்போனது.

அடுத்த வருஷம் முதலாளி பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டார். அக்கம்பக்கத்தார் புகார் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்களாம். புதிது பூனை மாதிரி இருக்கும், ஓடுகிறதா என்று தொட்டுப்பார்க்க வேண்டும். பழையதை வண்டியில் ஏற்றும்போது நிதானம்தான் வாசலில் சீட்டு எழுதினான். எடை, நேரம், வண்டி எண். அன்று மத்தியானம் மாடிக்குப் போனான். ஒரு பாட்டு போட்ட சத்தம் கேட்டது என்று கீழே வேலை செய்கிறவன் சொன்னான். பாதியில் நின்றுவிட்டதாம். சாயங்காலம் அறைச் சாவியை முதலாளி மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

என் மகன் அப்புறம் கிட்டாரைத் தொடவில்லை. இருவரும் பார்த்தால் பேசிக்கொள்கிறார்கள், "சாப்பிட்டியா", "அம்மா எப்படி இருக்காங்க" என்று. பாட்டைப் பற்றின பேச்சு மட்டும் இல்லை. மிச்ச தட்டெல்லாம் என் வீட்டுப் பரணில் அட்டைப் பெட்டியோடு இருக்கிறது.

நாலு கம்பி என் தங்கை கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, உறை இல்லாமல். போன வாரம் போயிருந்தேன். அவள் பெருக்கிக்கொண்டிருந்தாள். விளக்குமாறு கட்டிலடியில் போய் எதிலோ தட்டியது. அடிக்கம்பி "ம்ம்ம்" என்று எழுந்தது. அலமாரியில் ஒரு டம்ளர் லேசாக ஆடியது.

இவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, அந்த வயதில் முட்டி போட்டுக் குனிந்து, கையை உள்ளே விட்டுக் கம்பியைப் பொத்திப் பிடித்தாள். சத்தம் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

"அவன் உள்ளறையிலதான் படுத்திருக்கான், அக்கா" என்றாள் என்னிடம், உதட்டை மட்டும் அசைத்து.