கண்மாய்க்குள் ஒரு லாரி

மாரிக்கனி ஒரு நிறத்தைக் குழைத்து முடிப்பதற்குள் இரண்டு தடவையாவது எழுந்து போய் மாடிப்படியை எட்டிப் பார்த்துவிடுவாள். படியில் யாரும் இருக்க மாட்டார்கள். கீழே தையல் கடையின் மோட்டார் சத்தம் மட்டும் கேட்கும். அவள் திரும்பி வருவதற்குள் தட்டில் இருக்கும் வண்ணம் ஓரமெல்லாம் ஆடை கட்டியிருக்கும். "பாழாப்போன பெயிண்டு, செத்த நேரம் பொறுக்குதா பாரு" என்று வைதபடி ஈரத்துணியைப் போட்டு மூடுவாள். அருப்புக்கோட்டை வெயிலில் அக்ரிலிக் யாருக்கும் காத்திருப்பதில்லை.

தச்சுப்பட்டறையில் கழித்துப்போட்ட பிளைவுட் துண்டுகள்தான் அவளுடைய பலகைகள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை பூசி, உள்ளங்கை அகலத்துக்குப் படம் வரைகிறாள். "பெருசுன்னா எனக்கு மூச்சு முட்டும்ங்க" என்பாள். வீட்டுச் செலவுக்குக் கல்யாண ஜோடிப் படங்களும், சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு டிராயிங் வகுப்பும் இருக்கின்றன. மற்ற நாட்களில் தூக்குவாளியில் சோற்றைக் கட்டிக்கொண்டு திருச்சுழிக்கோ பரளச்சிக்கோ பஸ் ஏறிவிடுவாள். அங்கே பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டு வந்து இங்கே நிறம் கொடுப்பாள். கரிசல் மண்ணுக்கு மட்டும் கறுப்பு டியூபைத் திறக்க மாட்டாள். நீலத்தையும் பழுப்பையும் குழைத்து, "உத்துப் பாருங்க, ஊதா அடிக்கும்" என்று காட்டுவாள்.

படியை எட்டிப் பார்க்கும் பழக்கம் போன பங்குனியில் வந்தது.

அப்போது பரளச்சிப் பக்கம் ஒரு வறண்ட கண்மாய்க்குள் ஜேசிபி மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. லோடுக்காக ஒரு மஞ்சள் லாரி நின்றது. மாரிக்கனி கரையில் உட்கார்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தாள். லாரியின் நம்பரும் கண்ணில் பட்டது. படம் நன்றாக வந்த சந்தோஷத்தில் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் ஒருவன் மாடியேறி வந்தான். தேய்த்த வெள்ளைச் சட்டை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

"அக்கா, உங்க ஸ்டேட்டஸ ஒருத்தர் அனுப்புனாரு, பாத்தேன். தத்ரூபமா இருக்கு. நம்பரு கூடத் தெரியுது."

பாராட்டு என்று நினைத்து அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

"லாரி நம்மளுதுதேன். ஆனா அது அங்கன நிக்கவே இல்ல. நீங்களும் பாக்கல, என்ன? அண்ணனுக்கு இந்த வாரம் செகண்ட் சிப்டுல்ல? பாலவனத்தம் ரோட்டுல லைட்டே கிடையாது. பாத்து வரச் சொல்லுங்க."

அவள் கணவன் வீரபாண்டிக்கு நூல்மில்லில் வேலை. விஷயத்தைக் கேட்டதும், "ஒரு கருவமரத்த அது மேல போட்டு மூடிரு. திருட்டு மண்ணு அள்ளுறவங்க சோலி நமக்கெதுக்கு?" என்றான். அடுத்த நாளிலிருந்து பைக்கை விட்டுவிட்டு மில் பஸ்ஸில் போகத் தொடங்கினான்.

அவள் மூடினாள். லாரி நின்ற இடத்தில் சீமைக்கருவேலம் ஒன்று தழைத்தது. பயம் மட்டும் போகவில்லை. தெருவில் ஏதாவது வண்டி வேகம் குறைந்தால் தூரிகை அந்தரத்தில் நின்றது. அந்த மரத்தைப் பார்த்தாலே அதற்குப் பின்னால் ஒருவன் பதுங்கியிருப்பதாகத் தோன்றியது. வேறு படங்களும் ஓடவில்லை. காலில்லாத ஆடுகள், கொண்டையில்லாத பனை, பாதி வானம் என்று எல்லாம் சுவரோரம் அப்படியே நின்றன. எதைத் தொட்டாலும், இதில் யாருக்கு என்ன ஆகாதோ என்ற யோசனை முந்திக்கொண்டது.

போன வாரம் மதுரைக் கண்காட்சிக்குப் படங்களைப் பெட்டியில் அடுக்கும்போது அந்தக் கண்மாய் கைக்கு வந்தது. கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள். பிறகு ஈரத்துணியால் ஊறவைத்து, பிளேடால் மரத்தைச் சுரண்டினாள். மஞ்சள் வெளியே வந்தது. கீறலும் சிராய்ப்புமாக நம்பரும் வந்தது.

சாயங்காலம் வீரபாண்டியிடம், "மரத்தச் சுரண்டிட்டேங்க" என்றாள்.

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "சரி, சோத்தப் போடு" என்றான்.

நேற்று அந்த வெள்ளைச் சட்டைக்காரன் மறுபடியும் வந்தான். செருப்பை வாசலில் விட்டான். பெட்டியின் மேலேயே இருந்த படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

"இதுவும் மதுரைக்குப் போகுதாக்கா?"

"ஆமா."

"நல்லா யோசிச்சுக்கோங்க. அண்ணன் இப்ப மில்லு பஸ்ஸுல போறாகளாமே?"

மாரிக்கனிக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கைக்கு ஸ்டூல்தான் கிடைத்தது. அதை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க."

"எதுக்கு?"

"உங்க மூஞ்சிய வரையணும். வெளிச்சத்தப் பாத்து உக்காருங்க." பென்சிலைக் கையில் எடுத்தாள்.

அவன் கை சட்டென்று தன் முகத்துக்குக் குறுக்கே போனது. "என்னக்கா, வெளாட்டா?" என்றான். படத்தைப் பெட்டியின் மேல் வைத்தான். செருப்பைச் சரியாக மாட்டாமலே இழுத்துக்கொண்டு படியில் இறங்கினான்.

மாரிக்கனி கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ரவிக்கை முதுகெல்லாம் நனைந்திருந்தது. ஒரு தாளை எடுத்துப் பலகையில் கிளிப் போட்டாள். இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகம் மறப்பதற்குள் அவனுடைய காதிலிருந்து தொடங்கினாள்.