பல்லிக்கு விரல் எண்ணவைத்த செல்வராணி மிஸ்

செல்வராணி மிஸ் இறந்துவிட்டார் என்ற செய்தியை எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டது நான்தான். ஒருவரும் நம்பவில்லை. "டேய், இதுல எல்லாம் விளையாடாதடா" என்று ரேவதி எழுதினாள். இன்னொருவன் என்னைக் குழுவை விட்டே தூக்கிவிட்டான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இதற்கு முன் நான் போட்ட செய்திகளின் யோக்கியதை அப்படி. எனக்குச் சொன்னவர் எங்கள் கணக்கு சார். காய்ச்சலோடு விடுமுறைக்குத் தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊருக்குப் போன மிஸ், அங்கேயே ஆஸ்பத்திரியில் போய்விட்டார், அடக்கமும் முடிந்துவிட்டது என்றார். அவரையும் குழுவை விட்டுத் தூக்கினால் செய்தி பொய்யாகிவிடும் என்றால் நானும் தூக்கியிருப்பேன்.

கார் கம்பெனிகள் சூழ்ந்த ஒரகடம் பக்கத்து எங்கள் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மிஸ்ஸை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் பகுதி நேர ஓவிய ஆசிரியர். கணவருக்கு இங்கே கம்பெனியில் வேலை கிடைத்ததால் வந்தவர். எத்தனையோ வருடம் இங்கே இருந்தும் அவருடைய ஊர்ப்பேச்சு மாறவில்லை. நாங்கள் "இன்னா மிஸ்" என்போம், அவர் "என்னல" என்பார். அவர் வருமுன் ஓவியப் பீரியடு எங்களுக்கு ஓய்வியப் பீரியடு. பெரும்பாலும் அதையும் கணக்கு சார் கடன் வாங்கிவிடுவார். கணக்கு வாத்தியார்தான், ஆனால் திருப்பித் தந்ததாகக் கணக்கே இல்லை. அவரிடமிருந்து எங்கள் பீரியடை மீட்டவர் மிஸ். சண்டை போடவில்லை. மணி அடித்ததும் வந்து வாசலில் சிரித்தபடி நிற்பார், அவ்வளவுதான்.

மிஸ்ஸுக்கும் எனக்கும் பழக்கமானது ஒரு பல்லியால். கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரில் கரித்துண்டால் ஒரு பல்லி வரைந்து வைத்தேன். கணக்கு சார் அதை டஸ்டரால் இரண்டு முறை அடித்தார். இரண்டாவது அடியிலும் அது ஓடாததால்தான் அவருக்குச் சந்தேகமே வந்தது. விஷயம் மிஸ்ஸிடம் போயிற்று. எனக்கு என்ன தண்டனை என்று வகுப்பே ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தது. மிஸ் சுவர் அருகே போய், மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"வாலு நல்லா வந்திருக்கு. காலு பொய். பல்லிக்கு எத்தன வெரலுல?"

எனக்குத் தெரியவில்லை. அதுதான் தண்டனை. போய் எண்ணிவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். பல்லியைத் துரத்தியிருக்கிறேன், வாலை அறுத்திருக்கிறேன், விரலை எண்ணியதில்லை. அன்று டியூப் லைட்டுக்குக் கீழே நின்று எண்ணினேன். ஒவ்வொரு காலிலும் ஐந்து. நமக்கு இருப்பதுபோலவே.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டில் அரைமணி நேரம் அசையாமல் இருக்கும் ஒருவரை வரைந்து வரச் சொன்னார். டிவி பார்க்கிறவர்களையோ காய் நறுக்குகிறவர்களையோ அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். திங்கட்கிழமை வந்து சேர்ந்த படங்களில் முக்கால்வாசிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பாக்கள். கழுத்தில் ஐடி கார்டோடு நாற்காலியிலேயே சாய்ந்துவிட்ட ரேவதியின் அம்மா. ஒரே பாயில் தலைமாடு கால்மாடாகக் கிடந்த மேல்மாடி வாடகை அண்ணன்கள். எங்கள் பக்கத்தில் அசையாமல் கிடைக்கிற ஆட்கள் அவர்கள்தான்.

நான் வரைந்ததும் அப்பாதான். திறந்த வாய், அதற்குள் இறங்கத் தயாராக ஒரு ஈ, கழுத்துவரை போர்வை. வகுப்பு சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுப் படத்தை என் பக்கமே திருப்பினார்.

"பல்லிக்கு வெரல் எண்ணுன பய, அப்பாவுக்குக் கைய விட்டுட்டியேல."

கை வரைவது கஷ்டம் என்பதால்தான் போர்வையால் மூடியிருந்தேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி உட்கார்ந்தேன். அப்பா கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை பொருத்தும் லைனில் இருக்கிறார். கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். அந்த விரல் தட்டையாகி, பின்பக்கம் வளைந்து, நகம் கறுத்துப்போயிருந்தது. நைட் ஷிப்ட் வாரங்களில் அவர் வீட்டுக்குள் நுழையும்போது நான் பள்ளிக்குக் கிளம்புவேன். செருப்பு மாற்றும் இடத்தில்தான் சந்திப்பு. அந்த விரலை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. வரைய வெகு நேரம் ஆயிற்று. ஈயை விட்டுவிட்டேன். வாயை மூடவில்லை, அது உண்மை.

ஆண்டு விழாவுக்கு மிஸ் அந்தப் படங்களையெல்லாம் வராந்தாவில் மாட்டினார். தலைமையாசிரியர் பார்த்துவிட்டு, ஊரே படுத்துக் கிடக்கிற மாதிரி இருக்கிறதே, மலை, சூரியன், தென்னை மரம் எதுவும் இல்லையா என்று கேட்டார். "வேல பாத்துட்டு வந்து படுத்திருக்காவ சார்" என்றார் மிஸ். கழற்றவில்லை.

எனக்கோ வேறு கவலை. அப்பா பள்ளிக்கு வந்ததெல்லாம் என்னைப் பற்றிய புகார் கேட்கத்தான். முதல்முறையாக விழாவுக்கு வருகிறார். அவரோடு லைனில் நிற்பவர்களும் வருவார்கள். அவர்கள் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு சுவரில் தொங்கினால் அந்த மனிதருக்கு எப்படி இருக்கும்? என் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று மிஸ்ஸிடம் கெஞ்சினேன்.

"ஒன் படந்தான். ஆனா மொகம் அவருது. அவரு வந்து பாக்கட்டும். புடிக்கலன்னா அவரே கழத்தட்டும்" என்றார்.

அப்பா ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு நேராக வந்தார். கூட வந்தவர் படத்தைப் பார்த்ததும், "இன்னாப்பா, உன் வாய்ல கம்பெனி பஸ்ஸே பூந்து போவும் போலக்கீதே" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. படத்துக்கு அருகே போனார். கை நீண்டது. கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். அவர் படத்தில் இருந்த கட்டைவிரலைத் தன் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"நான் தூங்கறப்போ இம்மா நேரம் பக்கத்துலயே குந்திகினு இருந்தியா?"

தலையை ஆட்டினேன். அப்பா மிஸ்ஸைப் பார்த்துக் கும்பிட்டார். படம் விழா முடியும்வரை அங்கேயே இருந்தது. மிஸ் அதன் மூலையில் நொண்டியடித்துக்கொண்டிருந்த குண்டூசி ஒன்றை அழுத்திச் சரிசெய்துவிட்டுப் போனார்.

அவருக்கு ஒரு மாலை போடக்கூட எங்களால் முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். அவரிடம் படித்த நாங்கள் யாரும் இதுவரை ஓவியர் ஆகவில்லை, ஆவோமா என்றும் தெரியாது. ஒரு ஆளைப் பார்த்துச் சிரித்த பிறகும் பார்த்துக்கொண்டே இருக்கத் தெரிந்துகொண்டோம். அது அவர் கொடுத்தது.

அப்பாவுக்கு இந்த வாரமும் நைட் ஷிப்ட்தான். வந்து படுக்கும்போது இப்போதெல்லாம் கையைப் போர்வைக்குள் விடுவதில்லை. ஜன்னல் வெளிச்சம் விழும் பக்கமாக வெளியே வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுகிறார். கேட்டால் புழுக்கம் என்கிறார். மார்கழியிலும் அவருக்குப் புழுக்கம்தான். நானும் எதிர்த்துப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். மிஸ், உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இடத்தைத்தான்.