கோயில் நகரம், பட்டு நகரம், ஒரு துணைக் கேள்வி

எங்கள் ஊர்க்காரர்கள் கையில் மைக்கைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், பேச வந்த விஷயம் எதுவாக இருந்தாலும், "கோயில் நகரமாம், பட்டு நகரமாம், காஞ்சி மாநகரிலே" என்றுதான் தொடங்குவார்கள். காதுகுத்து விழாவிலும் அதுதான், சாக்கடை அடைத்துக்கொண்டதற்கு நடக்கும் ஆர்ப்பாட்டத்திலும் அதுதான். அந்த இரண்டு நகரத்தையும் தாண்டி விஷயத்துக்கு வருவதற்குள் கேட்பவன் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

நான் சில வருஷம் ஒரு எம்.எல்.ஏ.வின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மனு வாங்குவது, மனு கொண்டுவந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, சட்டமன்றம் கூடும் காலத்தில் அமைச்சர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதித் தருவது, இவைதான் வேலை. கடைசி வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். கேள்வி கேட்பதற்குச் சம்பளம் யார் கொடுப்பார்கள்? அதுவரை வீட்டில் ஓசியில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எம்.எல்.ஏ. தங்கமான மனிதர். பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பம். மேடைப் பேச்சிலேயே வளர்ந்தவர். அதுதான் பிரச்சினை. சட்டமன்றத்தில் காலையில் முதலில் வருவது கேள்வி நேரம். முன்பே எழுதிக் கொடுத்த கேள்விக்கு அமைச்சர் எழுதிவைத்த பதிலைப் படிப்பார். பிறகு உறுப்பினர் எழுந்து அதிலிருந்து ஒரு துணைக் கேள்வி கேட்கலாம். எழுதிப் படிக்கும் பதில் அதிகாரிகளுடையது. துணைக் கேள்விக்கு வரும் பதில்தான் அமைச்சருடையது. அதனால் அந்த ஒரு நிமிஷம் பொன்னானது.

எங்கள் ஆள் அந்தப் பொன்னை எப்படிச் செலவழித்தார் தெரியுமா? ஒருமுறை தெருவிளக்கைப் பற்றிக் கேட்க எழுந்தார். கோயில் நகரத்தைச் சொன்னார். பட்டு நகரத்தைச் சொன்னார். கூரத்தில் செப்பேடு கிடைத்ததையும், மாகறல் சிவன் கோயிலின் பழமையையும், காஞ்சிபுரம் இட்லியின் மணத்தையும் சொன்னார். கட்சித் தலைவருக்கு நன்றி, தொகுதி மக்களுக்கு நன்றி, பேச வாய்ப்பளித்ததற்கு நன்றி என்று அவர் போய்க்கொண்டே இருக்க, பேரவைத் தலைவர், "கேள்விக்கு வாங்க, கேள்விக்கு வாங்க" என்று சொல்லிப் பார்த்துவிட்டு மைக்கை அணைத்துவிட்டார். அமைச்சர் எழுந்து, நன்றி சொன்ன உறுப்பினருக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தெருவிளக்கு என்ற வார்த்தை சபைக் குறிப்பில் ஏறவே இல்லை. அன்று நான் டி.வி. ரிமோட்டைச் சுவரில் எறிந்தேன்.

இந்த லட்சணத்தில்தான் அக்காவின் விவகாரம் வந்து சேர்ந்தது.

அக்கா பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருக்காரர். என் கூடப் பிறந்தவர் இல்லை, தெருவே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகும் தனியாக ஒரு தறியை வைத்துக்கொண்டு, தன் சமையல், தன் சம்பாத்தியம் என்று ராணிபோல் இருப்பவர். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் முடிந்தால் அதன் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகச் சேர்க்க வேண்டும். சாம்பலைத் தொட்டு, இரண்டு நுனியையும் விரலுக்கு நடுவே வைத்து முறுக்குவார்கள். அந்த வேலைக்குத் தெருவில் எல்லோரும் அக்காவைத்தான் தேடி வருவார்கள். சின்ன வயசில் பட்டு நூலை சோடாவிலும் சோப்பிலும் வேகவைத்து அலசும் வேலையும் பார்த்திருக்கிறார். விளைவு, விரல்களெல்லாம் கண்ணாடிபோல் வழவழவென்று ஆகிவிட்டன. பிடித்துப் பார்த்தால் ஆசையாக இருக்கும். ரேஷன் கடை மெஷினுக்கு மட்டும் அந்த ஆசை இல்லை. ரேகை தெரியவில்லை என்று திருப்பித் திருப்பிச் சிவப்பு விளக்கைக் காட்டியது. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. கருவிழியைப் பார்க்கும் மெஷின் அந்தக் கடைக்கு அப்போது வந்திருக்கவில்லை.

கடைக்காரர் கெட்டவர் இல்லை. "நான் இன்னாக்கா பண்ணுவேன்? மெஷின் நீங்க இல்லன்னு சொல்லுது. தீவாளிக்குள்ள உங்க பேரை மகன் கார்டுல சேத்துடுங்க, அவரு விரலை வெச்சி வாங்கிக்கலாம். இல்லன்னா கார்டே போயிடும்" என்று சொல்லிவிட்டார்.

மகன் நல்ல பிள்ளைதான். வெளியூரில் கம்பெனி வேலை, பெரிய பிளாட். அம்மா வந்தால் தாங்குவான். ஆனால் கார்டு அங்கே போனால் ஆளும் அங்கே போக வேண்டும். தறியை மூன்றாவது மாடிக்கு ஏற்ற முடியாது. அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்து கார்டை மேஜைமேல் வைத்தார்.

"இதுல குடும்பத் தலைவின்னு போட்டுக்கினு என் போட்டோ இருக்குது பாரும்மா. அங்க போனா நான் தலைவியோட மாமியாரு. எனக்கு இந்தத் தலைவி வேலையே போதும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. அன்றே கேள்வி எழுதினேன். காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் சிலருக்குக் கைரேகை பதிவாகாமல் சிரமம் ஏற்படுவதை அரசு அறியுமா? ஆம் எனில், எடுக்கப்படும் நடவடிக்கை என்ன? அழகாக இருக்கிறது என்று நானே எனக்குச் சபாஷ் சொல்லிக்கொண்டேன். எழுத்தில் பதில் வந்தது. முதல் கேள்விக்கு: இல்லை. இரண்டாவதற்கு: வினா எழவில்லை.

எழவில்லையாம்! மாதா மாதம் வரிசையில் எழுந்து நிற்கிறார் ஒரு மனுஷி. நான் அலுவலகத்தில் கத்திய கத்தலில் மனு கொடுக்க வந்த ஒருவர் மனுவை எடுத்துக்கொண்டு போயே விட்டார்.

எம்.எல்.ஏ. மட்டும் சிரித்தார். "ஏம்மா, அறியுமான்னு நீ ஏன் கேட்டே? அறியாதுன்னு சொல்லிட்டுப் பூடுவாங்க. தப்பிக்கக் கதவை நீயே தொறந்து வுட்டுட்டியே."

"சரி சார், அடுத்த தடவை சபையிலேயே கேக்கற மாதிரி போடறேன். துணைக் கேள்வியில நீங்க புடிங்க. ஆனா சார்..." என்று இழுத்தேன்.

"இன்னா ஆனா?"

"கோயில் நகரம் வேணாம் சார்."

அவர் முகம் வாடிவிட்டது. "ஒரு வரி சொல்லிக்கறேனே. ஊர் பேரை சொல்லாம எப்டிம்மா பேசறது? சாமி கும்புடாம சாப்புடற மாதிரி இருக்கும்."

கேள்வி பட்டியலில் ஏறிவிட்டது. வாரக் கடைசியில் ஒத்திகை என்று நான் ஏற்பாடு செய்தேன். என்ன ஆயிற்று என்று விசாரிக்க வந்த அக்காவையும் பிடித்து உட்காரவைத்தோம். எம்.எல்.ஏ.வின் சுழல் நாற்காலியில் அக்கா பேரவைத் தலைவர். நான் அமைச்சர். எம்.எல்.ஏ. எதிரே நின்றார். தண்ணீர் பாட்டில்தான் மைக்.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, கோயில் நகரமாம், பட்டு நகரமாம்..."

அக்கா எட்டிப் பாட்டிலைப் பிடுங்கிவிட்டார். "நேரம் ஆயிட்சி. ஒக்காருப்பா."

"யக்கா, இப்பதானே ஆரம்பிச்சேன்!"

"நான் கடையில இதத்தான் சொன்னேன். இப்பதான் விரலை வெச்சேன்னேன். அடுத்த ஆளு வான்னுட்டாங்க. இன்னொரு வாட்டி பேசு."

மறுபடி பேசினார். மறுபடி பாட்டில் போயிற்று. சில தடவைக்குப் பிறகு எப்படியோ விரல், மெஷின் என்பதுவரை வந்து சேர்ந்தார். இப்போது அமைச்சரின் முறை. நான் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "மாண்புமிகு உறுப்பினர் நல்லதொரு கேள்வியைக் கேட்டிருக்கிறார். இந்த அரசு நெசவாளர்கள்மேல் தனி அக்கறை கொண்ட அரசு. உறுப்பினரின் கோரிக்கை பரிசீலிக்கப்படும்" என்றேன். சொல்லும்போது வாய் எவ்வளவு இனித்தது! ஒன்றும் தராமல் எல்லாம் தந்ததுபோல் உட்காரலாம். இந்தச் சுகம் இதுவரை தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பரிசீலிக்கும்னா எப்போ?"

"யக்கா, சபாநாயகர் கேள்வி கேக்கக் கூடாது" என்றார் எம்.எல்.ஏ.

"அப்புறம் இன்னாத்துக்கு என்னை உசந்த சேர்ல குந்த வெச்சீங்க?"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கோபத்திலிருந்துதான் எங்களுக்கு வழி கிடைத்தது. என்ன நடவடிக்கை என்று கேட்டால் பரிசீலிப்பேன் என்று நழுவலாம். அடுத்த மாசம் இந்த அம்மா கடைக்குப் போனால் கடைக்காரர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால்? அதற்குப் பரிசீலிப்பேன் என்று சொன்னால் சபையே சிரிக்கும். அமைச்சராக இருந்து யோசித்துப் பார்த்தேன், எனக்கே தப்பிக்க இடம் தெரியவில்லை.

கேள்வி வந்த அன்று காலையில் தெருவில் பாதி அக்கா வீட்டில் கூடிவிட்டது. என் போனைத் தறிக்கட்டையில் சாய்த்துவைத்து நேரலையைப் போட்டோம். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது, இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை. அக்கா தறியின்மேலிருந்த சேலையை வருடிக்கொண்டிருந்தார். முதலில் அமைச்சர் எழுதிவைத்த பதிலைப் படித்தார். வழக்கம்போல் எல்லாம் நன்றாக இருந்தது. பேரவைத் தலைவர் எங்கள் எம்.எல்.ஏ.வின் தொகுதியைச் சொல்லி அழைத்தார்.

அவர் எழுந்தார். தோள் துண்டைச் சரிசெய்தார். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, கோயில்..."

"ஒக்காருய்யா!" என்று அக்கா போனைப் பார்த்துக் கத்தினார்.

சென்னை வரைக்கும் கேட்டிருக்காது. ஆனால் எங்கள் ஆள் அப்படியே நின்றுவிட்டார். வலது கையால் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். யாரோ பிடுங்க வருவதுபோல் பிடித்திருந்தார்.

"கோயில் எங்கயும் போகாது. அதை அப்புறம் பேசிக்கிறேன்" என்றார். சபையில் சிரிப்பு கேட்டது. "எங்க ஊர்ல ஒரு அக்கா இருக்காங்க. பட்டு நெய்யறவங்க. இழை சேத்துச் சேத்து விரல்ல ரேகை போயிடுச்சி. கார்டு இருக்குது, ஆளும் இருக்காங்க, மெஷின் மட்டும் இல்லைங்குது. அடுத்த மாசம் அவங்க கடைக்குப் போனா கடைக்காரர் என்ன செய்யணும்? இவ்ளோதான் என் கேள்வி." உட்கார்ந்துவிட்டார்.

நீளமான வாழ்த்துக்குத் தயாராகச் சாய்ந்து உட்கார்ந்திருந்த அமைச்சர் அவசரமாக நிமிர்ந்தார். அதிகாரிகள் பக்கத்திலிருந்து ஒரு சீட்டு கை மாறி வந்தது. படித்தார். அவரும் நல்ல மனிதர்தான் என்று இப்போது தோன்றுகிறது, மழுப்பாமல் சொன்னார். "ரேகை பதிவாகாதவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருள் கொடுக்க ஏற்கெனவே விதியில் இடம் இருக்கிறது. அந்த அம்மா கார்டு ரத்தாகாது. எல்லாக் கடைகளுக்கும் இன்றைக்கே மறுபடியும் சொல்லச் சொல்கிறேன்."

ஏற்கெனவே இடம் இருந்ததாம்! எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் தெரு மொத்தமும் கைதட்டிய சத்தத்தில் என் கோபத்தைக் கேட்க ஆள் இல்லை. யாரோ ஓடிப்போய் டீ சொன்னார்கள். அக்கா மட்டும் இரண்டு கையையும் விரித்து, விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இருக்கேன்னு மெட்ராஸ்ல சொல்லிட்டாங்கம்மா" என்றார் மெதுவாக. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான், மறைக்கவில்லை.

அடுத்த மாதம் கடைக்காரரே எழுந்து நின்று நோட்டை நீட்டினார். அக்கா தன் பேரைக் கொட்டை எழுத்தில், இனிஷியலையும் சேர்த்து, பின்னால் நின்ற வரிசை முணுமுணுக்கும்வரை நிதானமாக எழுதினார். வந்த கையோடு எம்.எல்.ஏ.வையும் என்னையும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார்.

இலை போட்டார்கள். எம்.எல்.ஏ. சோற்றில் கை வைக்கப் போனபோது அக்கா கரண்டியை அவர்முன் நீட்டினார்.

"அன்னிக்கு வாய்க்குள்ள முழுங்குனியே, அதை இப்பப் பேசுப்பா. நான் புடுங்க மாட்டேன்."

அவர் நிஜமாகவே எழுந்தார். கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு கோயில் நகரம், பட்டு நகரம், செப்பேடு, மாகறல், இட்லி என்று ஒன்று விடாமல் சொன்னார். தலைவருக்கும் தொகுதிக்கும் நன்றி சொன்னார். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அக்கா தறி மேடையில் உட்கார்ந்து முழுவதையும் தலையாட்டிக் கேட்டார். முடிந்ததும் கரண்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "இப்போ ஒரு துணைக் கேள்வி" என்றார்.

"கேளுங்கக்கா."

"இது யார் கார்டு அரிசி?"

"உங்க கார்டு அரிசிக்கா."

"ஆங்" என்று சொல்லி அவர் இலையில் இன்னொரு கரண்டி வைத்தார்.