பதினாலு மாசம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் பெரிய கெட்டிக்காரி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த வாத்தியார் கேள்வியை முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவேன். ஆறுகளின் நீளமெல்லாம் எனக்கு அத்துப்படி. நான் கண்ணால் பார்த்தது நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஓடிய ஓடையை மட்டும்தான். அதன் நீளத்தை யாரும் கேட்கவில்லை.

நான்காம் வகுப்பில் இருந்தபோது, இலங்கைப் பிரஜாவுரிமைக்கு அப்பா போட்டிருந்த மனுவை விசாரிக்க ஓர் அதிகாரி தோட்டத்து ஆபீசுக்கு வந்தார். குடும்பத்தோடு போய் நின்றோம். ஒரே தடவையில் ஒரு வருஷத்துக்கு மேல் இந்தியாவில் தங்கியிருந்தால் மனு தள்ளுபடியாகிவிடும். அப்பா முன்பு வேலை செய்த தோட்டத்தின் வருகைப் பேரேடு தீயில் போய்விட்டதால் அப்பாவின் வாய்ச்சொல்தான் சாட்சி. இதையெல்லாம் எனக்குச் சொல்லிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

“இந்தியாவுக்குப் போனீங்களா?”

“மாமனார் சாவுக்குப் போனோங்க. எட்டு மாசத்துல வந்துட்டோம்.”

அங்கே தான் காய்ச்சலில் கிடந்து, திரும்புவது தள்ளிப்போன கதையை அம்மா அடுப்படியில் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அப்பா கணக்கைத் தப்பாகச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பில் போலவே கையைத் தூக்கினேன்.

“இல்லப்பா, பதினாலு மாசம்! தீபாவளி கழிச்சுப் போனோம். அடுத்த தீபாவளியும் அங்கதான். பொங்கல் முடிஞ்சுதானே கப்பல் ஏறுனோம்?”

அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். அதிகாரி எழுதாமல் அப்பாவைப் பார்த்தார்.

“சின்னப்பிள்ளை. குழப்பிச் சொல்லுதோ?”

நல்ல மனுஷர். தப்பிக்க வழி விட்டுத்தான் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தபடியே நின்றார். பிறகு, “புள்ள சொல்றதுதாங்க சரி” என்றார்.

சில மாதம் கழித்துக் கடுதாசி வந்தது. வாத்தியார்தான் வாசித்துச் சொன்னார். மனு தள்ளுபடி. நடந்ததை அம்மா அழுதுகொண்டே சொல்ல, அவர் கடுதாசியை மடித்து அவளிடம் கொடுத்தார்.

“சரியான விடை சொல்லத்தான் பழக்கினனான். ஆரிட்ட, எப்ப சொல்லுறதெண்டு பழக்கேல்லையே” என்றார்.

அதற்குப் பிறகு அவர் கேள்விகள் மாறிப்போயின. “ஆறு பெருகினா ஆரை முதலில தூக்கிக்கொண்டு ஓடுவாய்?” என்று கேட்பார். எந்தப் புத்தகத்திலும் விடை இல்லாத கேள்விகள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

மகள் உளறுகிறாள் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்களுக்கு ஒரு நாடு கிடைத்திருக்கும். பெரியவளாகி இது புரிந்தபோது அவர் உயிரோடு இல்லை. அன்று ஆபீஸ் படியில் இறங்கும்போது, நான் அவர் கையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன்:

“நான் சரியாத்தானேப்பா சொன்னேன்?”

“சரியாத்தான் சொன்ன, தாயி.”

வழியெல்லாம் குதித்துக்கொண்டே வந்தேன்.