ஐஸ்கிறீமில் ஊற்றிய கோப்பி

என்னைப் பெண் பார்த்தது யாழ்ப்பாணத்தில் ஒரு கிறீம் ஹவுஸில், அதாவது ஐஸ்கிறீம் கடையில். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் ஊர் கதைக்கும். கிறீம் ஹவுஸ் என்றால், இரண்டு குடும்பங்கள் தற்செயலாக ஒரே மேசையில் இருந்ததாகக் கணக்கு. அந்தத் தற்செயலுக்காக நானும் அப்பாவும் புத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தோம், நான் பட்டுச் சேலையில்.

எண்பதுகளின் முடிவு, சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. மாப்பிள்ளை நெல்லியடிக்காரர். இத்தாலியில் உணவகத்தில் வேலை, லீவில் வந்திருந்தார். கூட வந்த அவருடைய அக்கா என் பல், நடை, தலைமயிர் எல்லாவற்றையும் பார்த்து முடித்தார். மாப்பிள்ளையை யாரும் பார்க்கவில்லை. இத்தாலி என்ற சொல்லே போதுமாக இருந்தது. நான்தான் களவாகப் பார்த்தேன். கடைக்காரரை "அண்ணை" என்று கூப்பிட்டு நன்றி சொன்னார். எங்கள் வீட்டு ஆண்களிடம் கேட்டறியாத சொல். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஐஸ்கிறீமோடு அவர் ஒரு வெறும் கோப்பியும் கேட்டார், பாலும் சீனியும் இல்லாமல். ஆவி பறக்க வந்த அதை எடுத்து, ஐஸ்கிறீமின் மேல் ஊற்றினார்.

அப்பாவின் வாய்க்குப் போன ரோல்ஸ் பாதி வழியில் நின்றது.

"உதென்ன தம்பி?"

"அஃபொகாத்தோ ஐயா. இத்தாலியிலை எல்லாரும் இப்பிடித்தான் சாப்பிடுறவை."

பிறகு கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். "ஒருக்காச் சாப்பிட்டுப் பாருங்கோ."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்தக் கிண்ணத்தில் கரண்டியை வைத்தால் எல்லோர் முன்னாலும் சம்மதம் சொன்ன மாதிரி. எனக்கு ஆசைதான், கோப்பியிலும். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வேண்டாம். எனக்குத் தடிமன், ஒரே சளி."

என் முன்னால், நான் சாப்பிட்டு முடித்த ஐஸ்கிறீம் கிண்ணம் வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஓம், ஓம்" என்று தன் கிண்ணத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் அப்பா கொதித்தார். "சுடுகோப்பியை ஐஸ்கிறீமிலை ஊத்திறவன் நாளைக்கு எதை எதுக்கை ஊத்துவானோ! உந்தச் சம்பந்தம் வேண்டாம்."

நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதுகொண்டு கிடந்தேன். அப்பா இளகிவிட்டார். "சரி, கோப்பிதானே, ஊத்தட்டும்" என்றார்.

சம்மதம் சொல்ல அப்பா புறப்பட முன்பே, சம்பந்தம் பேசிய தரகர் வந்து நின்றார். மாப்பிள்ளையின் அக்கா சொல்லி அனுப்பியிருந்தாராம்: பெண் வடிவுதான், ஆனால் சளிக்காரி போல, இத்தாலிக் குளிர் தாங்காது.

சத்தம் கேட்டு நான் வெளியே வந்தேன். அழுத அழுகையில் மூக்கு சிவந்து ஒழுகிக்கொண்டிருந்தது. தரகர் என்னை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார்.

"அவை சொன்னது சரிதான்" என்றார்.