காது டாக்டரின் செட்

அமெச்சூர் ரேடியோக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் காது டாக்டர். பேசினால் போகிறது, கேட்க மட்டும் மாட்டேன் என்கிறது என்று செட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் அவள் வீட்டு முன்னறைதான் ஆஸ்பத்திரி. வந்தவர் உட்காருவதற்குள், ஆண்டெனாவைக் கழற்றிப் பார்த்தீர்களா என்பாள். கழற்றினால் இரைச்சல் குறைய வேண்டும். குறையவில்லையென்றால் செட்டுக்குக் காது அடைத்துவிட்டது. இதுகூடத் தெரியாமல் செட் வைத்திருக்கிறார்களே என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவாள்.

அவளுடைய அண்ணன் கடல் நடுவே ஒரு திட்டில் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர். அங்கே போன் எடுக்காது. தினமும் மாலை ஐந்தரைக்கு இருவரும் ரேடியோவில் பேசுவார்கள். திங்கட்கிழமை அவர் நெஞ்சைப் பிடிக்கிறது என்றார். லீவு போட இது ஒரு சாக்கா என்று இவள் ஏசிவிட்டாள். செவ்வாய்க்கிழமை குரலே இல்லை. புதனும் இல்லை. கரையிலிருந்த கலங்கரை விளக்க ஆபீசில் கேட்டதற்கு விளக்கு எரிகிறது என்றார்கள். அது ஆள் இல்லாவிட்டாலும் தானாக எரியும் விளக்கு. அடுத்த படகு திங்கட்கிழமைதான்.

தன் செட்டின் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. ஊருக்குள் இருப்பவர்களின் குரல் அதில் கணீரென்று கேட்டதே! வியாழக்கிழமையும் பதில் வராமல் போகவே, கேட்க யாருமில்லை என்ற எண்ணத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அண்ணா, அன்னிக்கு ஏசினது தப்புதான். அப்பா போனப்புறம் நீதான் எனக்கு எல்லாம். ஒருநாள்கூட உங்கிட்ட சொன்னதில்ல."

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்த கணவன், பஸ் டிரைவர், தயங்கித் தயங்கித்தான் கேட்டான்.

"ஊருக்கெல்லாம் ஆண்டெனாவக் கழட்டிப் பாக்கச் சொல்றியே, நீ பாத்தியா?"

அவனை முறைத்துக்கொண்டே கழற்றினாள். இரைச்சல் இம்மியும் குறையவில்லை. பக்கத்துக் குரல்கள் மட்டும்தான் அடைத்த காதிலும் விழுந்திருக்கின்றன. ஒரு பழுதைப் பார்த்து அவள் இப்படிச் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. அவசர அவசரமாக மூடியைத் திறந்தாள். ஆண்டெனாவைப் பேசும் பக்கத்துக்கும் கேட்கும் பக்கத்துக்கும் மாற்றிவிடும் ரிலேயில், கேட்கும் பக்கத்து முனை கறுத்துக் கிடந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த காகிதக் கீற்றை முனைகளுக்கு நடுவில் விட்டு இழுத்துத் துடைத்தாள். ஆண்டெனாவை மாட்டியதும் எங்கெங்கோ இருந்து குரல்கள் வந்து விழுந்தன.

அப்போதுதான் பயம் முழுசாக வந்தது. இனிமேல் பழியைப் போடச் செட்டும் இல்லை. மணி ஐந்தரை. வெறும் இரைச்சல். ஐந்து முப்பத்திரண்டு. கணவன் அவள் பின்னால் வந்து நின்றுகொண்டான்.

பிறகு இருமல் சத்தம். அதன் பின்னால் குரல்.

"கேக்குதா? நெஞ்சு இப்ப பரவால்ல. செட்டை எப்பத்தான் பாப்ப? நீ பேசறதெல்லாம் வருது. மூணு நாளா பதில் சொல்லிட்டே இருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நேத்து நீ சொன்னதுக்கும் சொன்னேன். திரும்பச் சொல்லணுமா?"

பட்டனை அழுத்தினாள்.

"சொல்லு," என்றாள்.